ரத்தப் பொரியல்காரி

எடெல்மிரா கடையில் ஒரு தட்டு ரத்தப் பொரியல் தின்றால் படுக்கையில் கிடக்கிற கிழவனும் எழுந்து கும்பியா ஆட்டம் ஆடுவான் என்று மீன்பிடித் துறைமுக ஊரான சிம்போட்டேயின் சந்தையில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கே உடம்பில் ரத்தம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? ஒருத்தரும் நம்பவில்லை. அதிலும் அவள் உடம்பைப் பார்த்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். இரண்டு பேர் உட்காருகிற பெஞ்சில் அவள் உட்கார்ந்தால் இன்னொருத்தருக்கு இடம் கிடையாது. சந்தை முழுக்க அவளுக்கு ஒரே பேர்தான். குண்டு. "குண்டு, ஒரு தட்டு குடு." "குண்டு, ரொம்ப வெங்காயம் போடாதே." பிரியமாய்த்தான் கூப்பிட்டார்கள். பிரியமாய்க் கூப்பிட்டால் வலிக்காது என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

விடியும் முன்னே கோழி அறுக்கிற வரிசைக்குப் போய்விடுவாள். தகரப் புனலில் கோழியைத் தலைகீழாய்ச் செருகிக் கழுத்தைக் கீறுவார்கள். கீழே அவளுடைய அலுமினியச் சட்டி இருக்கும். கடற்கரைப் பக்கமிருந்து பனித்தூறலும் மீன்மாவு ஆலையின் நாற்றமும் சேர்ந்து வரும். சட்டியில் ரத்தம் உறைந்ததும் கத்தியால் கட்டம் போட்டு, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, ஆறவிட்டு உதிர்ப்பாள். அப்புறம் பெரிய வாணலியில் எண்ணெய், பூண்டு, மஞ்சள் மிளகாய் விழுது, கைநிறைய வெங்காயத்தாள். கடைசியில் புதினா. பக்கத்தில் அவித்த மரவள்ளி. எந்தக் கறியையும்விட இது மலிவு, கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இதைப்போல் இரும்புச்சத்து வேறெதிலும் கிடையாது என்று சுகாதார நிலையத்துக்காரர்களே சொல்லிச் சொல்லி, அவள் வண்டிக்கு மேலே ஒரு துணிப்படமும் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதில் ரோசாப்பூ நிறத்தில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும்.

அந்தக் குழந்தைக்குக் கீழேதான் ஏழு மாத வயிற்றோடு எடெல்மிரா மூச்சு வாங்க நின்றாள். நாலு தட்டு கொடுப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வரும். இடையிடையே எதிர்ப்பக்க மீன்கடைக்குப் போய்ப் பெட்டியிலிருந்து ஒரு பிடி ஐஸ் கட்டியை அள்ளி வாயில் போட்டு நறநறவென்று கடிப்பாள். மீன் வாடையும் அவளுக்குப் பொருட்டில்லை. ஐஸைக் கண்டால் கை தானாய்ப் போகும்.

"பாருங்கய்யா, குண்டு எஞ்சின் சூடாயிப் போச்சு, தண்ணி ஊத்துது" என்பான் மீன்கடைக்காரன். சந்தையே சிரிக்கும். அவளும் சிரித்துவைப்பாள்.

அவள் நெஞ்சுக்குள் கிடந்த பயம் சந்தைக்குத் தெரியாது. மூத்தவள் யெசேனியா பிறந்தபோது ரத்தம் நிற்காமல் போய், புருசன் வில்பிரேதோ படகுத்துறைக்கு ஓடி, வலை இழுக்கிற ஆட்களின் காலில் விழாத குறையாய்க் கெஞ்சி ரத்தம் கொடுக்கக் கூட்டிவந்தான். பிழைத்ததே பெரிய காரியம். யெசேனியாவும் வெளிறிப்போய்ப் பிறந்து, அவள் நடக்கவே ரொம்ப நாளானது. இந்தத் தடவையும் அப்படி ஆனால் பிழைப்போமா என்பதுதான் எடெல்மிராவுக்குக் காலையில் எழுந்ததும் வருகிற முதல் நினைப்பு.

மாதம் ஒருமுறை சுகாதார நிலையத்து முற்றத்தில் சமையல் காட்டும் நாள் வரும். பக்கத்துத் தெருத் தாய்மார்கள் எல்லாரும் பிள்ளைகளோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார்கள். எடெல்மிரா வாணலியோடு போய்ப் பொரித்துக் காட்டுவாள். சோயிலா நர்ஸ் பக்கத்தில் நின்று பேசுவாள். சோயிலா ஒல்லியான ஆள். பேச்சும் அப்படித்தான், குத்தும். அன்றைக்குக் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். எடெல்மிரா வெங்காயத்தை வதக்கிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அவளுடைய ரத்தக் கணக்கு எழுதின சீட்டு வந்தது. சோயிலா அதைப் பார்த்தாள். வாணலியைப் பார்த்தாள். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எல்லாரும் இங்க பாருங்க. நமக்கெல்லாம் சமைச்சுக் காட்டுதாளே, இவளுக்கே ரத்தம் போன தடவையைவிடக் கீழ போயிருக்கு. விக்கத் தெரியுது, தன் வாயில போடத் தெரியல."

"நர்ஸம்மா, தினம் காலையில ஒரு தட்டு தின்னுட்டுத்தான் நான் கடையே திறக்கேன்" என்றாள் எடெல்மிரா.

"அப்ப மாத்திரை?"

"அதையும்தான் முழுங்குதேன்."

"போன மாசம் ரெட்டிப்பாக் குடுத்தேன். ரெட்டிப்பா முழுங்கினவளுக்கு ஏறணுமா, இறங்கணுமா? எங்கிட்டயே பொய் சொல்லுதியே. குமட்டுதுன்னு தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்லிட்டுப் போ. நான் என்ன அடிக்கவா போறேன்?"

"நான் தூக்கிப் போடல."

"இந்த உடம்பை வச்சுக்கிட்டுச் சத்துக் குறைவுன்னு வெளிய சொல்லிராதே, தாயி. நாட்டுல சாப்பாடு இல்லாதவங்க காதுல விழுந்தா அழுவாங்க."

முற்றம் சிரித்தது. முன்வரிசையில் ஒருத்தி பால் குடிக்கிற பிள்ளையின் வாயிலிருந்து மாரை எடுத்துவிட்டுச் சிரித்தாள். எடெல்மிராவுக்குக் காது இரண்டும் தீயாய் எரிந்தது. கரண்டியை வாணலிக்குள்ளேயே போட்டாள்.

"மிச்சத்தை நீங்களே கிண்டுங்க, நர்ஸம்மா. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அடுப்பை அணைக்காமலே போய்விட்டாள். பின்னால் ரத்தம் தீய்கிற வாடை தெருமுனை வரைக்கும் வந்தது. வழக்கமாய் அந்த வாடை வந்தால் அவள் ஓடிப்போய்க் கிண்டுவாள். அன்றைக்குத் திரும்பியே பார்க்கவில்லை.

வீட்டில் அவளுக்கு முன்னாலேயே முற்றத்துச் சேதி வந்து உட்கார்ந்திருந்தது. நெத்திலிக்குத் தடைக்காலம். படகெல்லாம் கட்டிக்கிடந்தது. வில்பிரேதோ வாசலில் உட்கார்ந்து வலைக்கயிற்றைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் அக்கா ரொசவுரா அடுக்களையில் சோற்றுக்கு மேலே உருளைக்கிழங்கை அடுக்கிக்கொண்டிருந்தாள். கர்ப்பிணி இரண்டு பேருக்குச் சாப்பிடணும் என்று எடெல்மிரா தட்டில் மலைபோல் குவிப்பதும் அவள்தான். கூடவே அந்த மஞ்சள் நிற இனிப்பு சோடாவை ஊற்றி வைப்பதும் அவள்தான். பெருத்துப்போனாள் என்று தெருவில் சொல்வதும் அவள்தான்.

"ஏ குண்டு, மாத்திரையை எங்க போடுத? கோழிக்கா?" என்றாள் ரொசவுரா.

"மதினி, இன்னைக்கு எங்கிட்ட வாய் குடுக்காதீங்க."

"நான் ஏன் குடுக்கேன்? ஊரே குடுக்குது. நம்ம குடும்பத்துல எவளுக்காவது இப்படி ஆயிருக்கா? எங்க அம்மா எட்டுப் பெத்தா. ஒரு மாத்திரை கண்டாளா?"

"எட்டுல எத்தனை தங்குச்சுன்னு சொல்லுங்க மதினி. அதையும் சேத்துச் சொல்லுங்க."

ரொசவுரா திரும்பி மறுபடி உருளைக்கிழங்கை அடுக்கத் தொடங்கினாள். அந்த வீட்டில் அந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை. எடெல்மிரா எடுத்துவிட்டாள். அவ்வளவு கோபம்.

முகம் கழுவிவிட்டு வந்தபோது அறைக்குள் வில்பிரேதோ குனிந்து நின்றான். மெத்தையின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"என்ன தேடுதே?"

அவன் மெத்தையை விட்டான். "ஒண்ணுமில்ல."

"மாத்திரையைத் தேடுதியா?"

"நம்பாம இல்ல, எடெல்மிரா. ஒரு தடவை பாத்துட்டா மனசுக்கு நிம்மதியா இருக்கும்னுதான்…"

"குப்பைக் கூடையைப் பாத்தியா? கக்கூஸ் பின்னால பாத்தியா? என் பாவாடைக்குள்ள பாக்கலையே, பாரு!"

"கத்தாதே. பிள்ளைக்கு ஆகாது."

"பிள்ளைக்கு ஆகாதா? எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தத் தடவை எந்தத் துறையில போயி ரத்தம் பிச்சை எடுப்பே? தடைக்காலம், வலைக்காரன் பூராவும் அவனவன் ஊருக்குப் போயிட்டான். அதை யோசிச்சியா? மெத்தைக்கு அடியில கிடக்குமா அது?"

அவன் மெத்தை விரிப்பை இழுத்துச் சரிசெய்தான். கெட்டவன் இல்லை அவன். கெட்டவனாய் இருந்தால் கோபத்தை வைக்க ஒரு இடமாவது இருந்திருக்கும். அவள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்தாள். மாத்திரை எப்படிக் குமட்டும், குடல் எப்படிக் கல்லாய் இறுகும், காலையில் கொல்லைக்குப் போவது எப்படி ஒரு யுத்தம் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். உட்கார்ந்து முக்கி முக்கிக் கண்ணில் தண்ணீர் வரும். வெளியே வருவதோ கரிக்கட்டை மாதிரி கறுப்பு. அந்த நினைப்பு வந்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் அவள் கடை திறக்கவில்லை. மார்கரின் டப்பா ஒன்றைக் கழுவி, எடுக்க வேண்டியதை எடுத்து, மூடிபோட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். வழியில் மீன்கடையில் ஒரு கை ஐஸ். வில்பிரேதோ கொஞ்சம் பின்தள்ளி வந்தான். கூட வருகிறேன் என்று சொல்லவும் தைரியமில்லை, வராமல் இருக்கவும் மனசில்லை.

சோயிலா நர்ஸ் மேசையில் இருந்தாள். பெஞ்சு முழுக்கத் தாய்மார்கள். நேற்று சிரித்த முகங்களும் அதில் இருந்தன. எடெல்மிரா டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"என்னது இது?"

"தொறந்து பாருங்க."

"புழு டெஸ்ட்டா? நான் எழுதிக் குடுக்கலையே."

"தொறங்க, நர்ஸம்மா. நேத்து எல்லாருக்கும் முன்னால என்னைத் தொறந்து காட்டினீங்கல்ல. இன்னைக்கு இதைத் தொறங்க."

சோயிலா மூடியைத் தூக்கி உடனே மூடினாள். மூக்கைப் பொத்தினாள். "கருமம்! உனக்கு என்ன கிறுக்கா? எடுத்துட்டுப் போ வெளிய!"

"நிறத்தைப் பாத்தீங்களா? மாத்திரை தின்னா கறுப்பாப் போகும், பயப்படாதேன்னு நீங்கதானே முதல் நாள் சொன்னீங்க? கறுப்பா இல்லையா? சொல்லுங்க."

"நீ கோழி ரத்தம் தின்னாலும் கறுப்பாத்தான் போகும்."

சொன்ன பிறகுதான் சோயிலாவுக்கு உறைத்தது. எடெல்மிரா மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"அப்ப நான் ரத்தம் திங்கேன்னு ஒத்துக்கிடுதீங்க! விக்கத்தான் தெரியும், திங்கத் தெரியாதுன்னு நேத்து யாரு சொன்னது? ஒண்ணு மாத்திரை திங்கேன், இல்ல ரத்தம் திங்கேன். ரெண்டுல எதுன்னாலும் சரி, சொல்லுங்க. யாரு பொய்க்காரி? இவ்வளவையும் தின்னு எனக்கு ஏன் ஏறலைன்னு கேக்க உங்களுக்கு வாய் வரல. பொய்க்காரின்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சு."

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து டாக்டர் பாரெதெஸ் வந்தாள். அரெகிபாவிலிருந்து வந்து சேர்ந்து சில மாதம்தான் ஆன சின்னப் பெண். வந்தவள் டப்பாவைப் பார்க்கவில்லை. எடெல்மிராவின் வாயைப் பார்த்தாள். அந்தக் கோபத்திலும் அவள் தாடை ஐஸை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது.

"ஐஸா அது?"

"ஆமா. அதுக்கும் ஏதாவது சொல்லணுமா?"

"தினமுமா கடிக்கீங்க?"

"நாளெல்லாம்."

"இரும்புச்சத்து குறைஞ்சவங்கதான் இப்படி ஐஸைத் தேடிக் கடிப்பாங்க. உள்ள வாங்க" என்றாள் டாக்டர். மேசையைப் பார்த்து, "அந்த டப்பாவும் வரட்டும்" என்றாள்.

வயிற்றுவலி உண்டா, புண் உண்டா, ரத்தமாய்ப் போனதா என்று துருவித் துருவிக் கேட்டாள். குடலில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று இந்தக் கறுப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நாலு நாள் பொரியல் தின்னாமல் இன்னொன்று கொண்டுவாருங்கள் என்றாள். கையிலிருந்து ரத்தம் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். எல்லா முடிவும் வந்த அன்று வில்பிரேதோவையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"குடல்ல கசிவு இல்ல. இவங்க மாத்திரையைத் தூக்கிப் போடல. உடம்புதான் அதை உள்ள எடுக்கல."

"உடம்பு ஏன் எடுக்காது?" என்றான் வில்பிரேதோ.

"துறையில சண்டை, கலாட்டான்னா என்ன செய்வாங்க?"

"கேட்டைச் சாத்துவாங்க."

"சாத்தினா?"

"மீன் வந்து வெளிய நிக்கும். உள்ள இருக்கிற சரக்கும் வெளிய வராது. ஆலை பட்டினி."

"அதேதான். உடம்புல கொழுப்பு கூடினா உள்ளுக்குள்ள சின்னச் சின்னதா ஒரு கொதிப்பு, புண்ணு வந்த மாதிரி, ஓயாம இருந்துக்கிட்டே இருக்கும். ஈரலுக்கு அது நோய்க்கிருமியா, கொழுப்பான்னு தெரியாது. கலாட்டான்னு நெனச்சு இரும்பு வர்ற கேட்டைச் சாத்திரும். தின்ன ரத்தம், முழுங்கின மாத்திரை எல்லாம் குடல்ல நின்னு அப்படியே வெளிய போயிரும். ரெட்டிப்பாக் குடுத்தா கேட்டு இன்னும் இறுகும். டெஸ்ட்டுல இரும்புக் கையிருப்பைப் பாத்தா இருக்கிற மாதிரி காட்டும். ஆனா பிள்ளைக்கும் போகாது, தாய்க்கும் வராது."

எடெல்மிரா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"அப்ப கடைசியில இதுக்கும் என் உடம்புதான் காரணம். அவுங்க சொன்னதைத்தான் நீங்க மரியாதையாச் சொல்லுதீங்க."

"காரணம்தான். ஒரு காரணம். ஆனா குத்தம் வேற, காரணம் வேற, எடெல்மிரா. குத்தம்னு சொன்னவங்க உங்களுக்கு மருந்தை மாத்தாம விட்டுட்டாங்க. நான் காரணம்னு சொல்றேன், அதனால மாத்தப் போறேன். நரம்பு வழியா இரும்பு ஏத்துவாங்க, பெரிய ஆஸ்பத்திரியில. குடல் பக்கத்துக் கேட்டைச் சுத்திப் போயிரலாம். இப்ப பட்டினி கிடந்து மெலியணும்னு ஆரம்பிச்சிராதீங்க. அந்த மஞ்சள் சோடாவை மட்டும் விடுங்க."

"அதை எங்க மதினிகிட்டச் சொல்லுங்க."

பெரிய ஆஸ்பத்திரியிலும் சும்மா விட்டார்களா? கையில் நரம்பு தேடித் தேடிக் குத்தினார்கள். "இந்தக் கையில எங்கம்மா நரம்பைக் கண்டுபிடிக்கிறது" என்று ஒருத்தி அலுத்துக்கொண்டாள். "இருக்கு, தேடு. நானா ஒளிச்சு வச்சிருக்கேன்?" என்றாள் எடெல்மிரா. காப்பித் தண்ணி நிறத்தில் மருந்து சொட்டுச் சொட்டாய் இறங்கியது. சில நாள் இடைவெளி விட்டு மறுபடி, மறுபடி. ஒவ்வொரு தடவையும் வில்பிரேதோ பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள், "மெத்தையைத் தூக்கிப் பாத்திருக்கக் கூடாது" என்றான். "பாத்திருக்கக் கூடாதுதான்" என்று அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

பிறகு ஒரு காலை சந்தையில் கடை விரித்து, பொரித்து, பாதிச் சட்டி விற்ற பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மீன்கடைப் பக்கமே போகவில்லை. ஐஸ் பெட்டி அங்கேயே திறந்துதான் கிடந்தது. கை அதைத் தேடவில்லை. "என்ன குண்டு, எஞ்சின் சரியாயிருச்சா?" என்றான் மீன்கடைக்காரன். "எம் பேரு எடெல்மிரா" என்றாள் அவள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து, "சரி எடெல்மிரா, ஒரு தட்டு குடு" என்றான்.

கடைசித் தடவை பார்த்தபோது டாக்டர் பாரெதெஸ் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள். "பிள்ளை பொறந்ததும் தொப்புள்கொடியை அவசரமா வெட்ட விடாதீங்க. துடிப்பு அடங்கட்டும். நஞ்சுக்கொடியில நிக்கிற ரத்தம் பிள்ளைக்குள்ள போய்ச் சேரணும். மொதல் மாசங்களுக்கு அதுதான் பிள்ளைக்குக் கையிருப்பு. உங்க பிள்ளைக்கு அது ரொம்ப முக்கியம்."

பெரிய ஆஸ்பத்திரியில்தான் பெறுவதாய் இருந்தது. வலி அதற்கு இடம் கொடுக்கவில்லை. நல்ல மத்தியானத்தில், வாணலி முன்னால் நிற்கும்போதே தண்ணி உடைந்தது. மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போதே பிள்ளையின் தலை இறங்கத் தொடங்கிவிட்டது. வழியில் சுகாதார நிலையத்தில்தான் நிறுத்த முடிந்தது. டாக்டர் ஊருக்குப் போயிருந்தாள். கையுறை மாட்டிக்கொண்டு வந்தவள் சோயிலா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச நேரமில்லை. சோயிலா வேலை தெரிந்தவள், அதைச் சொல்லியாகணும். தலையைப் பிடித்தாள், தோளைத் திருப்பினாள், வழுக்கிக்கொண்டு வந்த பிள்ளையை ஏந்தினாள். வீறிட்டு அழுதான். துடைத்து எடெல்மிராவின் வயிற்றின் மேல் போட்டாள்.

"ஆத்தாடி, என்னா கனம்! கொழுகொழுன்னு அம்மாவை உரிச்சு வச்சிருக்கான். இவனுக்கு என்ன குறைச்சல்?" என்று சொல்லிக்கொண்டே ஒரு கையில் கவ்வியும் ஒரு கையில் கத்திரிக்கோலுமாய்க் கொடியைப் பிடித்தாள்.

எடெல்மிராவின் கை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. தினமும் சட்டி தூக்குகிற கை அது.

"தொடாதே."

"விடு, தாயி. வெளிய ரெண்டு பேரு காத்திருக்காங்க."

"காத்திருக்கட்டும். கொழுகொழுன்னு இருந்தா குறைச்சலே இருக்காதா? என்னைப் பாத்தும் இதைத்தானே சொன்னே. அது அவனுக்குப் போக வேண்டிய ரத்தம். ஊருக்கெல்லாம் ரத்தம் வித்தேன். எம் பிள்ளைக்கு வர்றதை நீ பாதியில வெட்டுவியா?"

"டாக்டர் சொன்னாளாக்கும்?"

"நான் சொல்லுதேன்."

சோயிலா கத்திரிக்கோலைத் தாழ்த்தினாள். பிள்ளையின் வயிற்றுக்கும் தாய்க்கும் நடுவில் நீலமாய் முறுக்கிக்கொண்டு கிடந்த கொடி தடக் தடக்கென்று துடித்தது. வெளியே, சேதி கேட்டு ஓடிவந்த ரொசவுரா யாரிடமோ, "எங்க எடெல்மிரா கத்துத சத்தத்தைப் பாத்தியா, உடம்புல தெம்பு இல்லாமயா இப்படிக் கத்துவா" என்று சொல்வது கேட்டது. இங்கே இரண்டு பேரும் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாய் ஏறியது. கொடி மெதுவாய் வெளிறித் தளர்ந்தது.

"அடங்கிருச்சு" என்றாள் சோயிலா. கொடிமேல் வைத்திருந்த விரலை எடுத்தாள். "நெசமாத்தான் சொல்லுதேன். அடங்கிருச்சு."

எடெல்மிரா அவள் மணிக்கட்டை விட்டாள். கையைக் கீழே நீட்டி, கொடியைத் தன் இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"ம். இப்ப நம்புதேன். வெட்டு."